ஒரு கை வெந்தயத்தில் தொடங்கலாம்

மாடியில் தோட்டம் போட எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தெருவில் அனேகமாக இல்லை. "வீட்டுல அஞ்சறைப் பெட்டி இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வெந்தயம், முழு மல்லி, கடுகு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எல்லாமே விதை. அரிசி வந்த சாக்கு மூலையில் மடித்துக் கிடக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போகிறது. முதல் மாதத்துக்கு இதற்கு மேல் வேண்டியது இரண்டு சட்டி மண். அதையும் வீடு கட்டுகிற இடத்தில் வானம் தோண்டும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

கேட்டவர்களுக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு தொகை. அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். தோட்டக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். பச்சைப் பை, தென்னை நார்க்கட்டி, மண்புழு உரம், விதைப் பொட்டலம், தெளிப்பான், கையுறை, நிழல்வலை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒரு கீரை முளைப்பதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். வசதி உள்ளவர் வாங்கிக்கொண்டு போகிறார். இல்லாதவர் "நமக்கு இதெல்லாம் தோதுப்படாது" என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஒதுங்கிப் போகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுத் தோட்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிற பொருளாக ஆக்கியது பெரிய தவறு. கையில் கிடப்பதைக் கொண்டு நாமே செய்துகொள்வதில்தான் அதன் சந்தோஷம் இருக்கிறது. வாங்கத் தொடங்கினால் அந்தச் சந்தோஷத்தில் பாதி கடைக்காரர் கல்லாவுக்குப் போய்விடும்.

மதுரையில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரிசி இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், காய்கறிக்கு இத்தனை பைசா என்று காலமெல்லாம் நோட்டில் எழுதியவள். சிக்கனம் என்பது எனக்கு வேலையோடு வந்தது. அந்தச் சமையற்கூடத்தின் பின்பக்கம் சுவரை ஒட்டி நாலு முருங்கை நின்றது. கீரை பறித்து சாம்பாரில் போட்ட அன்றைக்குப் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்காது. அந்த முருங்கை எல்லாமே ஒரு மரத்தின் போத்தை வெட்டி நட்டு வந்தவை. யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒரு சாண் சுற்றளவுள்ள கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டி, வெட்டுவாயில் சாணியை அப்பி, ஓரடிப் பள்ளத்தில் நட்டால் போதும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் தானாகத் தழைக்கும்.

இப்போது நான் இருப்பது வாடகை வீட்டின் மாடி. மண் தரை கிடையாது. ஆனாலும் கீரை, கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் இவை நாலையும் கடையில் வாங்குவது அபூர்வம்.

வெந்தயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு கைப்பிடியை ராத்திரி ஊறவைத்து, காலையில் சாக்கு மண்ணின் மேல் நெருக்கமாகத் தூவி, விரல் கனத்துக்கு மேல்மண் போட்டு மூடினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். மூன்று நான்கு வாரத்தில் கீரை. மல்லிக்கு ஒரு வேலை கூடுதல். நாம் ஒரு விதை என்று நினைக்கிற ஒவ்வொரு மல்லி உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கின்றன. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்துவிட்டு விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் மல்லி போட்டால் இலை தருவதற்குள் பூத்துவிடும். ஐப்பசிக்கு மேல் போட்டால் அழகாக வரும். புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தூக்கிப் போடுகிற தண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு, முளைவிட்ட சர்க்கரைவள்ளி எல்லாமே நடவுப் பொருள்தான். பொங்கலுக்குப் பானையில் கட்டுகிற மஞ்சள் கொத்தை மறுநாள் குப்பையில் போடுகிறோம். அடியில் இருக்கிற கிழங்கை எடுத்து நிழலில் ஒரு சட்டி மணலில் போட்டுவைத்தால், வைகாசி ஆனியில் கண் விடும். ஒரு சாக்கில் நட்டால் அடுத்த பொங்கலுக்குக் கொத்து நம் வீட்டிலேயே இருக்கும். மணத்தக்காளியை நடவே வேண்டாம். காக்கையும் குருவியும் எச்சத்தில் கொண்டுவந்து போட்டுவிடும். களை என்று பிடுங்காமல் இருந்தால் சரி.

அடுத்தது பாத்திரம். அரிசிச் சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டதும், ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. வரி யாருக்கு என்ன செய்ததோ, தோட்டக்காரிக்கு சாக்கு ஒரு சுற்றுப் பெரிதாகக் கிடைத்தது. வாயைப் பாதி வரைக்கும் வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்துவிட்டால் சாக்கு தொட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் ஒரு வருஷத்துக்குள் இற்றுப் போகும். நார் நாராகப் பொடிந்து மண்ணில் கலக்க விடக்கூடாது. பழைய சேலையைக் கிழித்து வெளிப்பக்கம் சுற்றித் தைத்துவிட்டால் வெயில் நேராகப் படாது, சாக்கு இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். இற்றுப்போகத் தொடங்கியதும் மண்ணை வேறு சாக்குக்கு மாற்றிவிட வேண்டும். பழமண்டியில் தூக்கிப் போடுகிற தெர்மாகோல் பெட்டி கீரைக்கு நல்லது, வேருக்குச் சூடு ஏறாது. பால் பாக்கெட்டை மூலையில் வெட்டிக் கழுவி, அடியில் இரண்டு ஓட்டை போட்டால் நாற்றுப் பை. கத்தரியும் தக்காளியும் நான் இதில்தான் நாற்று விடுகிறேன். கொட்டாங்கச்சியிலும் விடலாம், அதன் கண்ணே தண்ணீர் வடிய வழி.

சிக்கனம் என்பதற்காக எதையும் எடுத்துவிடக்கூடாது. எண்ணெய்ப் பெயிண்ட் இருந்த டப்பா, பூச்சிமருந்து கேன், ஆசிட் கேன் இவற்றில் சாப்பிடுகிற செடி வைக்கவே கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது. அதே மாதிரி மண்கொத்தியை மட்டும் நல்ல கொல்லுப்பட்டறையில் காசு கொடுத்து வாங்குங்கள். ஆயுசுக்கும் வரும். வேப்பம் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்கத் தக்கது. மண் கலக்கும்போது சாக்குக்கு ஒரு கை போட்டால் வேரில் வருகிற பல தொல்லைகள் குறையும்.

தோட்டத்தின் உயிர் உரத்தில்தான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சத்துணவுக்கூடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை. நூற்றுக்கணக்கான முட்டை ஓடு, காய்த்தோல், கீரைத் தண்டு எல்லாம் ஒவ்வொரு நாளும் மதியத்துக்குள் ஒரு அண்டா நிறையச் சேரும். ஆரம்பத்தில் அதைக் குப்பை வண்டிக்காரர் எடுத்துப் போவார். உசிலம்பட்டிப் பக்கத்தில் என் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் குப்பைக்குழி பார்த்து வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூட மூலையில் ஒரு குழி எடுக்கச் சொல்லி, வேப்பஞ்சருகும் காய்த்தோலும் மாற்றி மாற்றிப் போட்டோம். முருங்கைக்கு வேண்டிய சத்து முழுக்க அந்தக் குழியிலிருந்து வந்ததுதான்.

மாடியில் குழி எடுக்க முடியாது. மூடியுள்ள இரண்டு பெரிய வாளி இருந்தால் போதும். காய்ச்சிய கம்பியால் அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போடுங்கள். காற்று போய் வர வேண்டும். காற்று இல்லாவிட்டால்தான் நாற்றம் வரும். அடியில் ஒரு கை கனத்துக்குச் சருகு. அதன்மேல் அன்றைய காய்த்தோல், டீத்தூள் சக்கை, வாடிய பூ. ஒவ்வொரு தடவையும் மேலே சருகு போட்டு மூடியே ஆகவேண்டும். ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு. நுண்ணுயிர்கள் கழிவை மக்க வைப்பதற்குத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும் என்பது வேளாண் விஞ்ஞானிகள் சொல்கிற கணக்கு. காய்த்தோலில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிச்சத்து அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் சருகு கூட்டுங்கள், பொடியாக உதிர்ந்தால் அரிசிக் கழுநீர் தெளியுங்கள். வாளி நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் முதல் வாளி மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுப்பாக உதிரும்.

வாளிக்குள் நெளிகிற தடித்த சாம்பல் நிறப் புழுவைப் பார்த்ததும் பலர் வாளியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ கடிக்காது, சோற்றுப் பக்கமும் வராது. வீட்டு ஈ வேறு, இது வேறு. பயப்படாமல் விடுங்கள்.

சருகுக்கு எங்கே போவது என்பார்கள். மாசி பங்குனியில் வேப்பமரம் இலை உதிர்க்கிறபோது மதுரைத் தெருக்களில் நடந்து பாருங்கள். காலையில் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய உரம் ஒரு தீக்குச்சியில் புகையாகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் வேறு. எங்கள் தெருத் துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எரிக்காமல் சாக்கில் கட்டி வைத்துவிடுவார். நான் பதிலுக்குக் கீரை கொடுப்பேன். டீக்கடையில் சக்கை கிடைக்கும், சர்க்கரை போகக் கழுவிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். முட்டை ஓட்டை வெயிலில் காயவைத்து மாவாகப் பொடித்தால்தான் பயன். முழுசாகப் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் நாம். அதனால் அரிசி, பருப்பு, காய் கழுவிய நீர்தான் என் செடிகளுக்கு முதல் தண்ணீர். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற நீரில் உப்பு இல்லை, தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வெயில் காலத்துக்கு மண்சட்டியைப் போல ஒரு நல்ல கருவி இல்லை. மானாமதுரைச் சின்னப் பானை ஒன்றைப் பெரிய தொட்டியின் நடுவில் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், மண் காயக் காய ஓடு வழியாக நீர் கசியும். வேர்கள் தாமாகப் பானையைச் சுற்றி வந்து பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கிற சொட்டுநீர்க் குழாய் செய்கிற வேலையை ஒரு பானை செய்கிறது. ஊருக்குப் போகிறபோது பழைய வேட்டியைக் கீறித் திரியாக்கி, ஒரு முனையைத் தண்ணீர் வாளியிலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்துவிட்டுப் போவேன். பருத்தித் துணியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் உறிஞ்சாது.

விதைக்கு நான் கடைக்குப் போவதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். விளைவித்தவரே விற்கிற இடம். "அண்ணே, விதைக்கு விட்ட கத்தரி ஏதும் இருக்கா?" என்று கேட்டால் அடுத்த வாரம் பழுத்த காய் ஒன்றைத் தனியாக எடுத்து வந்து கொடுப்பார்கள். எந்தப் பட்டத்தில் போட வேண்டும், என்ன பூச்சி வரும் என்பதும் கூடவே வரும். எந்த விதைப் பொட்டலத்திலும் இவ்வளவு அச்சடிப்பதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அது வீரிய ஒட்டு ரகமா, நாட்டு ரகமா என்று. வீரிய ஒட்டில் எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. நாட்டு ரகத்தை ஒரு தடவை வாங்கினால் போதும், நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழுவழுப்பு இருக்கிறதே, அது முளைப்பைத் தடுக்கும். பழத்தைத் தம்ளரில் பிழிந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் புளிக்க விட்டால் அது கரைந்துபோகும். கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பல் பிசறி, பொட்டலம் கட்டி ஆண்டைக் குறித்து வையுங்கள். அம்மாச்சி பூசணி, சுரை விதைகளைச் சாணியில் பதித்து வரட்டியாகச் சுவரில் அடித்து வைப்பார். ஆடி பிறந்ததும் வரட்டியை உடைத்து விதைப்பார். பூச்சி தொட்டு நான் பார்த்ததில்லை.

கொடிக்காய் போட்டவர்கள் எல்லாரும் சொல்கிற குறை, "பூக்குது, காய்க்க மாட்டேங்குது." சுரை, பீர்க்கு, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. முதலில் வருவது ஆண்பூ. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். மாடி உயரத்துக்குத் தேனீ வரத்து குறைவு. அதனால் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தொட்டுத் தடவிவிட வேண்டும். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் பொழுது சாய்கிற நேரத்தில் மலரும். காலையில் எழுந்து பீர்க்கம்பூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலன் கிடையாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்குப் போங்கள், மஞ்சள் பூ அத்தனையும் அப்போதுதான் விரியும். என் பேத்திக்கு மகரந்தச் சேர்க்கை என்றால் என்னவென்று பாடப் புத்தகம் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். கைதொட்டுக் காய்க்க வைத்தவள் அவள்.

பறிக்காமல் முற்றவிட்ட பீர்க்கங்காய் நல்ல காரியத்துக்கு ஆகும். கொடியிலேயே காய்ந்து பழுப்பானதும் தோலை உரித்து விதையை உதறினால் உள்ளே நார்க்கூடு. குளிக்க, பாத்திரம் தேய்க்க அதுதான் எங்கள் வீட்டில். பிளாஸ்டிக் தேய்ப்பானைத் தேய்க்கத் தேய்க்க அது துகள் துகளாகச் சாக்கடையில் இறங்குகிறது. பீர்க்கங்கூடு தேய்ந்தால் உரவாளிக்குப் போகிறது. ஒரு கொடியிலிருந்து வெஞ்சனம், தோலில் துவையல், விதை, தேய்ப்பான் என்று நாலு வருகிறது. இதைவிடச் சந்தோஷமான கணக்கு எனக்குத் தெரியாது.

தோட்டத்தைச் சுற்றி இப்படிச் சின்னச் சின்ன கைவேலைகள் தானாகச் சேர்ந்துவிடும். பங்குனி வெயிலுக்குப் பழைய வெள்ளை வேட்டியை நாலு மூங்கில் குச்சியில் கட்டினால் நிழல். உபரி மிளகாயை மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் மோர் மிளகாய், மணத்தக்காளி உதிர்த்தால் வற்றல். அறுந்த சைக்கிள் ரிம்மைக் கம்பில் கட்டி, சணல் கயிறு இழுத்தால் அவரைக்குப் பந்தல். கிழிந்த சேலையில் பை தைத்து எங்கள் தெருவுக்கே கொடுத்திருக்கிறேன். 2019 ஜனவரி முதல் தேதியில் பிளாஸ்டிக் தடை வந்தது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. இரண்டும் நல்ல முயற்சி. ஆனால் புதிதாகப் பை அடித்துக் கொடுப்பதைவிட ஒவ்வொரு வீட்டுப் பீரோவிலும் கிடக்கிற பழைய துணியைப் பையாக்கச் சொல்லிக்கொடுத்தால் பலன் பெரிது. தையல் தெரிந்த பெண் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

பூச்சி வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று விவசாயிகளை அலற வைத்தது. எந்த மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை. பூச்சியின் மேல் பஞ்சு போல மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிற இனம். அதுதான் அடக்கியது. மாடியிலும் அதே நியாயம்தான். பொறிவண்டையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்கிற மருந்தை அடித்துவிட்டு அசுவினியைத் தனியாக நாம் சமாளிக்க முடியாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். மாடித்தோட்டம் காய்கறிச் செலவை ஒழிக்காது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் கடையில்தான். மிச்சமாவது வேறு இடத்தில். கடையில் மல்லிக்கட்டு வாங்கினால் பாதியை ஃபிரிட்ஜில் அழுக விடுகிறோம். செடியில் இருந்தால் இரண்டு கொத்துக் கிள்ளலாம், மிச்சம் வளர்ந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியமாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்ததும் எனக்காகக் காத்திருக்கிற ஒரு வேலை இருக்கிறது. அதற்கு விலை போட எனக்கு மனமில்லை. ஆனால் அதைக் கொடுத்த தோட்டத்துக்கு நான் செலவழித்தது மிகக் கொஞ்சம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

வாடகைக்கு இருப்பவர்களின் தடை வேறு. "தளம் ஒழுகும், கொசு வரும்" என்று வீட்டு ஓனர் மறுத்துவிடுகிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். ஈரமண் நாம் நினைப்பதைவிடக் கனம். 20 லிட்டர் கொள்ளளவு சாக்கில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவுக்கு மேல் போகும். பாதிக்குப் பாதி மக்குரமும் நார்க்கழிவும் கலந்தால் நன்றாகக் குறையும். பெரிய தொட்டிகளைச் சுவரும் உத்திரமும் போகிற கோட்டின் மேல் வையுங்கள், நடுத்தளத்தில் வேண்டாம். எல்லாவற்றையும் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளம் காயும். டெங்குக் கொசுவின் முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தத் தாளில் மாடியில் தொட்டி வைக்கலாம், இத்தனை வைக்கலாம், இப்படி வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் பின்னால் மனக்கசப்பு வராது.

அரசாங்கத்திடம் எனக்கு இரண்டு கோரிக்கை உண்டு. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட 2019-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. சத்துணவுக்கூடத்தில் ஈரக் கழிவு இருக்கிறது, பிள்ளைகளின் கை இருக்கிறது. சமையல் செய்கிற பெண்களில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். உபகரணப் பட்டியல் போட்டு, டெண்டர் விட்டு, ஆறு மாதம் கழித்துப் பச்சைப் பை இறக்க வேண்டாம். ஒரு மண்வெட்டியும், ஒரு மைதான மூலையும், வேளாண் பல்கலைக்கழக விதைப் பொட்டலம் நாலும் கொடுத்துவிட்டு, அமைப்பாளரை அவர் போக்கில் விடுங்கள். விளைந்த கீரையை அன்றைய சமையலில் சேர்க்க யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

இரண்டாவது, மக்குரம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையை மக்கவைப்பதை ஊக்குவிக்கும்படி உள்ளாட்சிகளுக்குச் சொன்னது. அவர்கள் பராமரிக்கிற பூங்காக்களில் இரண்டு வருஷத்துக்குள் ரசாயன உரத்தை நிறுத்தி மக்குரத்துக்கு மாறவும் சொன்னது. மாநகராட்சிகளில் நுண்ணுரக் கூடங்களும் இருக்கின்றன. வீட்டு வாசலில் மக்கும் குப்பையைத் தினமும் பிரித்துக் கொடுக்கிற பெண்களுக்கு அந்தக் குப்பை உரமானபின் கண்ணில் தெரிவதே இல்லை. மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். வார்டுக்கு ஓர் இடத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையோடு வருகிறவருக்கு இரண்டு கிலோ மக்குரம் இலவசமாக அளந்து கொடுக்கட்டும். பிரித்துக் கொடுக்காத வீடும் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையிலிருந்து பிரித்துக் கொடுக்கும். ஆனி மாதத்திலேயே தொடங்கினால், ஆடிப்பட்டத்துக்கு மண் கலக்கிற நேரத்துக்கு முதல் பை கையில் இருக்கும்.